கணக்கில் எழுதாத சரக்கு

மளிகைக் கடையில் கணக்கில்லாத பொருள் என்று எதுவும் கிடையாது. கடுகு 50 கிராம் கொடுத்தாலும் கல்லாவில் காசு விழ வேண்டும். இல்லையேல் பற்று நோட்டில் எழுத வேண்டும். எலி தின்ற பயறு, ஈரம் பட்ட வெல்லம், மூட்டையின் அடியில் தங்கும் தூசி இவற்றுக்குக்கூடச் சேதாரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நமது கடைகளிலிருந்து வெளியே போன ஒரு சரக்குக்கு மட்டும் நாம் கணக்கு எழுதியதே இல்லை. கேரி பேக்தான் அது. கட்டுக்கட்டாக வாங்கினோம், ஆணியில் மாட்டினோம், கேட்டவருக்கும் கொடுத்தோம், கேட்காதவருக்கும் கொடுத்தோம்.

நாளொன்றுக்கு 100 பேர் வந்து போகும் சிறு கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள ஒன்று என ஆளுக்கு 3 பை. ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் 90,000 பை. இது ஒரே ஒரு கடையின் கணக்கு. அப்படிப் பத்துக் கடை உள்ள தெரு என்றால் ஒன்பது லட்சம். இத்தனை பைகளும் எங்கே போயின என்று நாம் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. எனக்கு அது ஓர் ஐப்பசி மாத இரவில்தான் தெரிய வந்தது.

எங்கள் கடை பஜாரின் தாழ்ந்த கோடியில் இருக்கிறது. தடை வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு நாள், இரவு கடை அடைத்து வீட்டுக்குப் போன பிறகு பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. காலையில் வந்து ஷட்டரைத் தூக்கினால் பின்கட்டுக் கிட்டங்கியில் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். சீனி ஆறு மூட்டை, துவரம்பருப்பு இரண்டு மூட்டை, அடி வரிசையில் இருந்தவை எல்லாம் போயிற்று. சீனி மூட்டையைத் தூக்கினால் பாகாக ஒழுகுகிறது. மழை பெரிய மழைதான், ஆனால் அதைவிடப் பெரிய மழைக்கெல்லாம் தண்ணீர் உள்ளே வந்ததில்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். துப்புரவுப் பணியாளர்கள் வந்து வாசலில் உள்ள கல்லைப் பெயர்த்துச் சாக்கடையைக் குத்தினார்கள். உள்ளேயிருந்து வந்தது மண் அல்ல. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வைக்கோல் பிரி போல, கையால் இழுக்க இழுக்கக் கேரி பேக்குகள். கூடை கூடையாக அள்ளிப் போட்டார்கள். அதில் பல பைகளில் சிவப்பு எழுத்தில் என் கடைப் பெயரும் போன் நம்பரும் அழியாமல் இருந்தன.

அந்தப் பணியாளர் ஒரு பையை விரித்துப் பிடித்துப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, உங்க விளம்பரம் நல்லா உள்ள வரைக்கும் போயிருக்கு” என்றார். கிண்டலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கதை எட்டு மூட்டையோடு போயிற்று. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டி நகரமே மூழ்கியபோது, அடைபட்ட வடிகால்களில் பாலிதீன் பைகள் திணிந்து கிடந்தது பெரிய குற்றச்சாட்டாக எழுந்தது. அதன்பின் மகாராஷ்டிர அரசு அந்த ஆண்டே பைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. வங்காள தேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளத்துக்குப் பிறகு இதே பேச்சு எழுந்து, 2002-இல் மெல்லிய பாலிதீன் பைகளை நாடு முழுவதும் தடை செய்தார்கள். அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

வெள்ளம் வராத ஊரிலும் பை சும்மா இருப்பதில்லை. எச்சில் சோறும் காய்கறித் தோலும் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. பையோடு விழுங்குகிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை அறுவை செய்து எடுத்தார்கள். ஒரு மூட்டை சீனியைவிட 2 கிலோ அதிகம். அந்தப் பசு அதைச் சுமந்துகொண்டே பால் கறந்திருக்கிறது.

ஆணியில் வந்து மாட்டிய கதை

என் தகப்பனார் காலத்துக் கடையை நினைத்துப் பார்க்கிறேன். கூரையில் தொங்கும் தகர டப்பாவிலிருந்து நூல் இறங்கும். தாளைக் கூம்பாகச் சுருட்டி, சாமானைக் கொட்டி, மேலே மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுக்க வேண்டும். கடைக்கு வேலைக்கு வரும் பையன் முதல் ஆறு மாதம் கற்றுக்கொள்வது பொட்டலம் மடிக்கத்தான். புளிக்கும் கருப்பட்டிக்கும் ஓலைக் கொட்டான். சில ஊர்களில் மந்தார இலை. எண்ணெய்க்கு வீட்டிலிருந்து பாட்டிலோ தூக்கோ வரும். மொத்தச் சாமானுக்கு மஞ்சள் பை, இல்லாவிட்டால் ஒயர் கூடை. அந்த ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா பின்னிய கூடை பதினைந்து ஆண்டு சந்தைக்குப் போய் வந்தது.

பாலிதீன் என்ற பொருளே தற்செயலாகக் கிடைத்தது. 1933-இல் இங்கிலாந்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வுக் கூடத்தில் வேறு எதற்கோ செய்த சோதனையில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று அடியில் தங்கியது; அதுதான் பாலிதீன். இன்று நமக்குத் தெரிந்த கைப்பிடி வைத்த கேரி பேக்கை ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்தார். 1965-இல் அவர் வேலை பார்த்த கம்பெனி அதற்குக் காப்புரிமை பெற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், காகிதப் பைக்காக மரங்களை வெட்டுகிறார்களே, அதைக் குறைக்கலாம் என்றுதான் அவர் இதைச் செய்தாராம். தகப்பனார் எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார் என்று அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். அதாவது, கேரி பேக்கைக் கண்டுபிடித்தவரே அதை ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிய வேண்டும் என்று நினைக்கவில்லை.

எறிய வைத்தது அதன் விலை. துணிப் பைக்கு ரூபாய்க் கணக்கு. இதற்குக் காசுக் கணக்கு. அதோடு அதன் எடை. மெல்லிய பை ஒன்று 2 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 500 பை நிற்கும். பழைய பேப்பர்க்காரருக்குக் கொடுக்கப் பொறுக்குபவர் 500 முறை குனிய வேண்டும். பால் கவரைப் பொறுக்குவார், தண்ணீர் பாட்டிலைப் பொறுக்குவார். சேறு படிந்த கேரி பேக்கைத் தொட மாட்டார். அதனால்தான் அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. கொளுத்தினாலோ புகை நமக்கே வருகிறது.

சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

மத்திய அரசு மைக்ரான் கணக்கில் போனது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1999-இல் 20 மைக்ரானுக்குக் குறைந்த பை கூடாது என்றார்கள். 2011-இல் அது 40 ஆயிற்று, 2016-இல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. பை தடிமனானால் விலை ஏறும், கடைக்காரர் இனாமாகக் கொடுக்க யோசிப்பார், பொறுக்குபவருக்கும் எடை கிடைக்கும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் கடை வாசலில் வந்து மைக்ரான் அளக்க யாரிடம் கருவி இருந்தது?

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2018 ஜூன் மாதம் வெளியான அரசாணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. அதில் கேரி பேக் என்றால் எந்த அளவும், எந்தத் தடிமனும் தடைதான். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. “இது 120 மைக்ரான், மத்திய அரசே அனுமதித்தது, தைரியமாக வாங்குங்கள்” என்று சரக்கு எடுத்து வரும் விற்பனைப் பிரதிநிதிகள் இன்னமும் வருகிறார்கள். அந்தப் பேச்சு இங்கே செல்லாது. அபராதம் கட்டப்போவது அவரல்ல, நாம்தான். கடையின் அளவைப் பொறுத்து அபராதம் ஏறும். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் உரிமமே போகும்.

இரண்டாவது, ‘துணி மாதிரி’ப் பை. நான் ஏமாந்தது இதில்தான். 2019-இல் தடை வந்த புதிதில், துணிப் பை என்று சொல்லி ஒருவர் கொண்டு வந்து கொடுத்ததை 500 எண்ணிக்கை வாங்கிப் போட்டேன். நீலம், சிவப்பு, பச்சை என்று பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் வாரம் சோதனைக்கு வந்த அதிகாரிகள் மீதிப் பையை அப்படியே அள்ளிக்கொண்டு ரசீதும் கொடுத்துவிட்டுப் போனார்கள். “துணிதானே சார்” என்றேன். ஒருவர் தீக்குச்சி கேட்டார். பையின் ஓரத்தைக் கொளுத்திக் காட்டினார். உருகிச் சொட்டியது, ஆறியதும் மணி போலக் கெட்டியாயிற்று. பருத்தித் துணியாக இருந்தால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் உதிரும். நெசவு இல்லாமல் பாலிப்ரோப்பிலீன் இழையை அழுத்தி ஒட்டிச் செய்யும் இந்தப் பை முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். தடைப் பட்டியலிலும் இருக்கிறது. ஊடும் பாவும் கண்ணுக்குத் தெரியாமல், புள்ளி புள்ளியாக அழுத்திய அச்சு தெரிந்தால் வாங்காதீர்கள். விற்றவரை அதன்பின் நான் பார்க்கவேயில்லை.

மக்கும் பை என்று ஒன்று வருகிறது. சோளம் போன்றவற்றின் மாவுச் சத்திலிருந்து செய்வது. அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். விற்பவரிடம் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்று உள்ள பையானாலும் சாக்கடையில் விழுந்தால் உடனே கரைந்துவிடாது. அது மக்குவதற்கு உரக்கிடங்கின் சூடு வேண்டும்.

அப்படியானால் பழையபடி செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துவிடலாமே என்றால், அதற்கும் தடை உண்டு. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால், செய்தித்தாளில் தின்பண்டம் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது. 2018-ஆம் ஆண்டின் பொட்டலமிடல் ஒழுங்குமுறையில் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. வடை, பஜ்ஜி கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். அச்சிடாத பழுப்புத் தாள்தான் வழி. பழுப்புத் தாள் பை பாலிதீனைவிட எடை கூடியது. தராசில் பையோடு நிறுத்தால் வாடிக்கையாளருக்குச் சரக்குக் குறையும். வெறும் பையை முதலில் வைத்துப் பூஜ்யம் காட்டச் செய்துவிட்டுப் பிறகு நிறுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பைக்குக் காசு வாங்குவது பற்றியது. பெரிய கடை ஒன்றில், பில் போடும் இடத்தில் கடைசி நிமிடத்தில் பைக்குத் தனியே காசு சேர்த்தது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பைக்கு விலை உண்டு, என்ன விலை என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே பைக்குக் காசு வாங்குவதாக இருந்தால் வாசலிலேயே கண்ணில் படும்படி பலகை மாட்டுங்கள். கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதி வைத்தால் போதாது.

துணிப் பை கொடுத்தால் போதுமா?

2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வரும் இயந்திரம் வைத்தார்கள். நல்ல காரியம். இதைப் பார்த்து நம்மில் பலர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடைப் பெயர் போட்ட துணிப் பையை இனாமாகக் கொடுக்க ஆரம்பித்தோம். நானும் கொடுத்தேன். இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பருத்தி விளைய நிறையத் தண்ணீர் வேண்டும், மருந்தடிக்க வேண்டும், நூற்று நெய்து தைக்க வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். புவி வெப்பமாதலை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரே தடவை உபயோகித்து எறியும் பாலிதீன் பை ஒன்றுக்குச் சமமாக வர, காகிதப் பையை 3 முறையும், நெய்யாத பிளாஸ்டிக் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் உபயோகிக்க வேண்டும். பாலிதீன் பையை வீட்டில் குப்பைக் கூடைக்கு உறையாக மறுபடியும் உபயோகித்தால், பருத்திப் பையின் கணக்கு 327 முறை ஆகிவிடும்.

இந்த ஆய்வைக் காட்டிக் கேரி பேக்தான் நல்லது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த நாட்டில் குப்பை ஒழுங்காகக் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேருகிறது. சாக்கடை அடைப்பதும் மாடு தின்பதும் அந்தக் கணக்கிலேயே இல்லை. நமது ஊரில் அவைதான் முதல் வரியில் வர வேண்டும். இருந்தாலும் 131 என்ற எண்ணை நாம் ஒதுக்கிவிட முடியாது. வாரம் ஒரு முறை ஒரே பையோடு கடைக்கு வந்தால், 131 முறை வர இரண்டரை ஆண்டு ஆகும். நான் தீபாவளிக்குக் கொடுத்த பைகளில் எத்தனை இரண்டரை ஆண்டு கடைக்கு வந்தன? விரல் விட்டு எண்ணிவிடலாம். வீடுகளில் ஏற்கெனவே கல்யாணத் தாம்பூலப் பை பத்து, ஜவுளிக் கடைக் கட்டைப்பை ஐந்து கிடக்கின்றன. அதன் மேல் என் பையும் போய்ப் படுத்துக்கொண்டது. ஆகவே இப்போது நான் புதுப்பை இனாமாகக் கொடுப்பதில்லை. வீட்டில் கிடக்கும் பையை எடுத்து வந்தால் போதும். அது எந்தக் கடையின் பெயர் போட்ட பையானால் என்ன?

இதற்கு நமது தொழிலிலேயே வழி இருக்கிறது. சரக்கு வரும் சணல் சாக்கை யாராவது தெருவில் எறிந்து பார்த்திருக்கிறீர்களா? எறிய மாட்டோம். காலிச் சாக்குக்கு விலை இருக்கிறது. எண்ணெய் டின்னுக்கு விலை இருக்கிறது. கோலி சோடா விற்ற காலத்தில் காலி பாட்டிலை எண்ணி வாங்கித்தான் அடுத்த பெட்டியைக் கொடுப்பார்கள். இதே வழியில்தான் நீலகிரியில் 2022-இல் மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாயைக் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது.

பைக்கு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து உதாரணம். 2002 மார்ச்சில் அங்கே பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி போட்டார்கள். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 328 பை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 21 பைக்கு இறங்கிவிட்டார்கள். தடையில்லை, சோதனையில்லை.

எங்கள் தெருவில் நடந்தது

2019-இல் தடை வந்ததும் ஆறு மாதம் எல்லோரும் ஒழுங்காக இருந்தோம். பிறகு கொரோனா வந்தது. அந்தப் பயத்தில் யாருடைய பையை யார் தொடுவது என்ற நிலை. கேரி பேக் மெள்ள மறுபடியும் கல்லாவுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2022-இல் பழைய பில்களைத் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கேரி பேக்குக்கு மட்டும் மாதம் 2,000 ரூபாயைத் தொட்டிருந்தது. லாபத்தில் 2,000 ரூபாய் வர எத்தனை கிலோ சீனி நிறுத்துப் போட வேண்டும் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தேன். நெடுநாள் பற்று வைத்து வாங்கும் ஓர் அம்மா வாசலில் நின்றபடியே, “என்ன அண்ணாச்சி, ஒரு பை கொடுக்கக்கூட மனசில்லையா? எதிர்த்த கடையில கேட்காமலே கொடுக்கிறாங்க” என்றார். அந்த மாதம் பற்றை முடித்துக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போய்விட்டார். எதிர்த்த கடைக்காரர் எனக்கு நண்பர்தான். அவரும் பயந்துகொண்டுதான் கொடுக்கிறார். அவர் நிறுத்தினால் நான் கொடுத்துவிடுவேனோ என்ற பயம்.

ஆகவே சங்கத்தில் பேசி, தெருவில் உள்ள 11 கடைக்காரர்களும் ஒரே நாளில் நிறுத்துவதென்று முடிவு செய்தோம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் காடாத் துணியில் 300 பை தைத்து வாங்கினோம். எந்தக் கடைப் பெயரும் போடவில்லை. இதற்கே கூட்டத்தில் அரை மணி நேரம் சண்டை. பை இல்லாமல் வருபவர் 20 ரூபாய் கொடுத்து ஒரு பை எடுத்துக்கொள்ளலாம். 11 கடைகளில் எந்தக் கடையில் திருப்பிக் கொடுத்தாலும் 20 ரூபாய் கைக்கு வந்துவிடும். மாதக் கடைசியில் எங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வோம். பற்று வாடிக்கையாளர்களுக்கு நோட்டில் ‘பை 1’ என்று எழுதிக் கழித்துக்கொள்வோம்.

முதல் மாதம் பாதிப் பைக்கு மேல் திரும்பவில்லை. திட்டம் தோற்றது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பிறகு கவனித்தபோது, திரும்பாத பைகளில் பல, வாடிக்கையாளர் கையிலேயே மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தன. 20 ரூபாய் போட்டு வாங்கிய பை என்பதால் வண்டியில் மாட்டியே வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு இனாமாகக் கொடுத்த பைக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான்காம் வாரமே சங்கத்தில் சேராத புதுக்கடை ஒன்று தெரு முனையில் திறந்து கேரி பேக் கொடுக்க ஆரம்பித்தது. என் பற்று வாடிக்கையாளர் மூன்று பேர் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். தள்ளுவண்டிப் பழக்காரர்கள் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அவர்களிடம் கண்டிப்புக் காட்டவும் மனம் வரவில்லை. பொழுதுக்கும் வெயிலில் நிற்பவரிடம் போய்ச் சட்டம் பேசுவதா? கடைசியில் எங்கள் செலவில் பழுப்புத் தாள் பை ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தோம். திராட்சை ஈரத்தில் அது கிழிந்துவிடுகிறது என்றார்கள். உண்மைதான்.

ஈரச் சாமான் இன்னும் சிக்கல்தான். வெல்லமும் புளியும் தாளோடு ஒட்டிக்கொள்ளும். புளிக்கு மறுபடியும் ஓலைக் கொட்டான் தேடினேன். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் பனையோலைப் பொருள் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு கொட்டானின் விலை அரைக் கிலோ புளியின் லாபத்தைத் தாண்டுகிறது. இட்லி மாவு விற்பவர், தூக்கு கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார். அது நன்றாக நடக்கிறது. இரவு எட்டரைக்கு மேல் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வருபவர்களிடம் பையும் இருக்காது, சில சமயம் 20 ரூபாயும் இருக்காது. அவர்களுக்கு நம்பிக்கையின் பேரில் பையைக் கொடுத்துவிடுகிறோம். அதில் போன பை அநேகமாக மறுநாளே வந்துவிடுகிறது.

எதிர்த்த கடைக்குப் போன அந்த அம்மா இப்போது இரண்டு கடையிலும் வாங்குகிறார். பையை மட்டும் என் கடையில்தான் திருப்பிக் கொடுக்கிறார். அங்கே சில்லறை இருப்பதில்லையாம்.

பிறகு வந்த ஓர் ஐப்பசிக்கு முன்பாக, மழைக்கு முந்தியே எங்கள் வாசல் கல்லைப் பெயர்த்துச் சாக்கடையைத் தூர்வாரச் சொன்னோம். நானும் நின்று பார்த்தேன். கேரி பேக் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் வந்தவை சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை, பாக்குப் பொட்டலம். இவையும் நமது கடையில் சரமாகத் தொங்கியவைதான், ஆனால் உறை போட்டது நாமல்ல. தங்கள் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. என் கடை வாசலுக்கு அப்படி யாரும் இதுவரை வந்து எடுத்துப் போனதில்லை. காலி சாஷே ஒன்றுக்கு ஐந்து காசோ பத்துக் காசோ விலை வைத்து, சரக்கு இறக்க வரும் வேனிலேயே காலியை ஏற்றிப் போகும்படி கம்பெனிகளை நாம் கேட்க வேண்டும். ஒரு கடைக்காரர் கேட்டால் விற்பனைப் பிரதிநிதி சிரித்துவிட்டுப் போய்விடுவார். இதை அடுத்த மாவட்டக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.